ஆபத்தான பிட்சரை வாங்கலாமா? பேஸ்பால் சாவண்ட் தளம் எதுவரை கைகொடுக்கும்

ஜூலை கடைசி வாரம் வந்துவிட்டால் அமெரிக்க பேஸ்பாலில் ஆட்டத்தைவிட டிரேடு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது, பற்றிய பேச்சுதான் அதிகம். அதிலும் சண்டை மூள்வது ஒரே வகை பிட்சரை (பந்து வீசுபவரை)ப் பற்றித்தான்: தோள்வலியிலிருந்து இப்போதுதான் திரும்பியவர், திடீரென்று வேகம் குறைந்தவர், லீக் தடை விதித்தவர். ஆள் திறமைசாலி. ஆனால் அவரை நம்பி நாலு இளம் வீரர்களைக் கொடுக்கலாமா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு இந்த விவாதத்தில் ஆதாரத்தோடு பேச விரும்புகிறவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் சிறந்த கருவி பேஸ்பால் சாவண்ட். மேஜர் லீக் பேஸ்பாலே நடத்தும் தளம். கணக்குத் தொடங்க வேண்டாம், சந்தா கிடையாது. 2015 முதல் எல்லா மைதானங்களிலும் ஓடும் ஸ்டாட்காஸ்ட் முறையில் பதிவான ஒவ்வொரு பந்தும் இதில் இருக்கிறது. 2020-ல் ராடாருக்குப் பதில் ஹாக்-ஐ கேமராக்கள் வந்தன. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ முறையீட்டுக்குப் பந்தின் பாதையைக் காட்டுகிறதே, அதே நிறுவனத்தின் தொழில்நுட்பம்தான்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிட்சரின் கை வீசும் விதம் மாறியிருக்கிறதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் பொதுமக்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. கைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு இது பதில் சொல்லாது. ஆளின் நடத்தை பற்றி இதில் ஒரு வரிகூட இல்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் இந்தத் தளத்தை வைத்துத் தப்பான முடிவுக்கு வருகிறார்கள்.

அந்தத் தப்பு தொடங்குவது வீரரின் பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படும் வண்ண வட்டங்களில். லீக்கில் மற்றவர்களோடு ஒப்பிட்டு 1 முதல் 100 வரை இடம் போட்டிருப்பார்கள். சிவப்பு நல்லது, நீலம் மோசம். "மக்கா, எல்லாம் செவப்பாத்தான இருக்கு, வாங்கிப் போடலாம்லா?" என்று கேட்கத் தோன்றும். அந்த வட்டங்கள் காட்டுவது பருவம் முழுவதற்குமான சராசரி. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அபாரமாக வீசி, ஜூலையில் தோள் பிடித்துக்கொண்டவருக்கும் வட்டங்கள் சிவப்பாகவே இருக்கும். திறமையை அளக்க அவை போதும். ஆபத்தை அளக்க வேண்டுமென்றால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டும்.

போக வேண்டிய இடம் ஸ்டாட்காஸ்ட் சர்ச். முதல் பார்வைக்கு வருவாய்த்துறை விண்ணப்பம் மாதிரி பயமுறுத்தும். நமக்குத் தேவை ஐந்தாறு கட்டங்கள்தான். ஆட்டக்காரர் வகையில் பிட்சர் என்று வைத்து, பெயரைத் தட்டுங்கள். பருவம் என்ற இடத்தில் இந்த ஆண்டையும் போன ஆண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். பந்து வகையில் ஃபோர்-சீம் (நேராக வரும் வேகப்பந்து) ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள். சிங்கர் (கடைசியில் கீழே இறங்கும் வேகப்பந்து) வீசுகிறவராக இருந்தால் சிங்கர். தொகுக்கும் முறையை ஆட்டவாரியாக மாற்றுங்கள். காட்ட வேண்டிய அளவுகளில் வேகம், சுழற்சி, எக்ஸ்டென்ஷன் (கை எவ்வளவு முன்னே வந்து பந்தை விடுகிறது என்ற தூரம்) மூன்றும் இருக்கட்டும். தேடல் முடிந்ததும் தேதி வரிசையில் அடுக்கினால், அவருடைய கையின் ஒன்றரை வருட வரலாறு ஒரு திரையில் வந்துவிடும்.

ஒரே வகைப் பந்தை மட்டும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாப் பந்துகளையும் கலந்தால், வேகம் குறைந்த, வளையும் பந்தான ஸ்லைடரைக் கூடுதலாக வீசிய நாளில் சராசரி வேகம் தானாகவே இறங்கிவிடும். கையில் கோளாறே இருக்காது. நாம்தான் வீணாகப் பதறுவோம்.

இனி எண்களைப் படிக்கும் விதம். வேகம் மணிக்கு மைல் கணக்கில் இருக்கும். 1.6-ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான கிலோமீட்டர். 95 மைல் என்றால் சுமார் 153 கி.மீ. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் அரை மைல் ஏறி இறங்குவது சாதாரணம். அவருடைய சொந்தச் சராசரியிலிருந்து ஒன்றரை மைல், அதுவும் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில், குறைந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். இது என்னுடைய கைக்கணக்குதான், மருத்துவ விதி இல்லை. கூடவே பந்தை விடும் உயரமும் இறங்கியிருந்தால் என் கணக்கில் அந்த டிரேடு முடிந்தது. தோள் வலிக்கிறவர் கையை மேலே தூக்காமல் பக்கவாட்டில் கொண்டுவந்து சமாளிப்பார். வேகத்தில் அது தெரிவதற்கு முன்பே உயரத்தில் தெரிந்துவிடுவதும் உண்டு.

பந்தை விடும் உயரத்தைப் பார்க்கச் சிஎஸ்வி கோப்பை இறக்கிக்கொள்வது நல்லது. தேடல் முடிவுக்கு மேலேயே இறக்கும் பொத்தான் இருக்கிறது. முழுநேரத் தொடக்கப் பிட்சருக்கு ஒரு பருவத்தில் 3,000 பந்து அளவுக்குத்தான் வரும். எந்தச் சாதாரண எக்செலும் தாங்கும். அதில் பந்து விடும் உயரமும் பக்கவாட்டுத் தூரமும் தனித்தனிப் பத்திகளாக இருக்கும். இங்கேதான் முதல் வழுக்கல். அளவு அடியில், ஆனால் அங்குலமாக அல்ல, தசமமாக. 5.8 என்றால் 5 அடி 8 அங்குலம் இல்லை, 5 அடி ஒன்பதரை அங்குலத்துக்குச் சற்று மேல். 0.1 என்பது 1.2 அங்குலம். ஆகவே 5.8-லிருந்து 5.6-க்கு இறங்கியிருந்தால் கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம் போய்விட்டது. பந்து வளையும் அளவிலும் இதே குழப்பம் உண்டு. தளத்தின் பட்டியல்களில் அங்குலமாகக் காட்டுவார்கள், இறக்கிய கோப்பில் அடியாக இருக்கும். பக்கவாட்டுத் தூரத்துக்குக் குறி, எதிரே பந்தைப் பிடிக்கும் கேட்சரின் பார்வையிலிருந்து. வலக்கைப் பிட்சருக்குக் கழித்தல் குறி வந்தால் அது கோளாறு அல்ல. 2020 முதலான ஆட்டங்களுக்குக் கையின் கோணத்தையும் தனிப் பட்டியலாகவே தருகிறார்கள். எக்செலில் உட்காரப் பொறுமை இல்லாதவர்கள் அதைப் பார்த்தால் போதும்.

வேறு சில பொறிகளும் இருக்கின்றன. ஏப்ரல் குளிரில் பெரும்பாலானவர்களின் வேகம் குறைவாகவே இருக்கும், கோடையில் ஏறும். அதனால் ஜூலையை ஏப்ரலோடு ஒப்பிட்டு "ஆள் தேறிவிட்டார்" என்று சொல்லக் கூடாது; போன ஆண்டு ஜூலையோடு ஒப்பிட வேண்டும். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். டென்வர் மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, பந்து குறைவாகவே வளையும். அந்த ஆட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாருங்கள். மைதானத்துக்கு மைதானம் கேமரா அளவீட்டிலும் சின்ன வித்தியாசம் வரும். ஒரே ஒரு ஆட்டத்தில் உயரம் இறங்கியிருந்தால், அதே நாளில் அதே மைதானத்தில் வீசிய மற்றவர்களின் எண்ணையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பந்துக்கு வைக்கும் பெயரும் மாறும்: 2023-லிருந்து ஸ்வீப்பரை (பக்கவாட்டில் அதிகம் வளையும் ஸ்லைடர் வகை) ஸ்லைடரிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஸ்லைடரைக் கைவிட்டார், முழங்கை வலிக்கிறது போலிருக்கிறது என்று முடிவுகட்டும் முன் ஸ்வீப்பர் எண்ணிக்கையையும் கூட்டிப் பாருங்கள்.

சுழற்சிக்கு ஒரு தனி எச்சரிக்கை. பந்தில் பிசின் தடவுவதைத் தடுக்க லீக் 2021 ஜூன் 21 முதல் நடுவர்களை வைத்துச் சோதனை போட்டது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் பல பிட்சர்களின் சுழற்சி எண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு. வேகம் அப்படியே இருந்து சுழற்சி மட்டும் விழுந்தால், கையைவிட விரலில் இருந்த பொருளைச் சந்தேகிப்பதே பொருத்தம். வேகமும் சுழற்சியும் சேர்ந்து விழுந்தால்தான் காயக் கணக்கு.

சரி, இதெல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதா? நடந்து முடிந்த டிரேடுகளில் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மையான சோதனை.

2022 ஆகஸ்ட் 1 அன்று யாங்கீஸ் அணி ஃபிராங்கி மொன்டாஸை ஓக்லாந்திடமிருந்து வாங்கியது. கூட லூ டிரிவினோவும் வந்தார். கொடுத்தது கென் வால்டிசக், ஜேபி சியர்ஸ், லூயிஸ் மெடினா, கூப்பர் பவ்மன். மொன்டாஸ் ஜூலை 3-ல் சியாட்டிலில் ஒரே இன்னிங்ஸோடு வெளியேறியவர். தோள் அழற்சி என்று சொல்லப்பட்டது. ஆட்டவாரிப் பட்டியலில் அந்த நாளும் அதன் பின் வரும் இடைவெளியும் பளிச்சென்று தெரியும். யாங்கீஸுக்கு அந்த ஆண்டு 8 ஆட்டம் தொடங்கினார், ரன் சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) 6.35. 2023 பிப்ரவரியில் தோளில் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு முழுவதிலும் ஒரே ஒரு ஆட்டம்.

மறுநாளே, ஆகஸ்ட் 2-ல், மின்னசோட்டா டைலர் மாலியை சின்சினாட்டியிடமிருந்து எடுத்தது. ஸ்பென்சர் ஸ்டியர், கிறிஸ்டியன் என்கார்னாசியன்-ஸ்டிராண்ட், ஸ்டீவ் ஹஜ்ஜர் மூவரும் போனார்கள். மாலியும் ஜூலையில் தோள் காயப் பட்டியலில் இருந்து திரும்பியவர்தான். அந்த ஆண்டு 4 ஆட்டம், அடுத்த ஆண்டு 5 ஆட்டம், பிறகு டாமி ஜான் அறுவை சிகிச்சை (முழங்கைத் தசைநாரை மாற்றிவைப்பது). ஸ்டியர் சின்சினாட்டியின் அன்றாட ஆட்டக்காரர் ஆகிவிட்டார்.

இந்த இரண்டையும் பார்த்துவிட்டு "காயம் பட்டவனை வாங்கவே கூடாது" என்று சொல்கிறவர்களுக்குக் கிறிஸ் சேல்தான் பதில். 2020-ல் டாமி ஜான். 2022-ல் விலா எலும்பு முறிவு, பந்து பட்டு விரல் முறிவு, சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிவு. 2023-ல் தோள்பட்டை எலும்பில் அழுத்தக் காயம். பட்டியலைப் படித்தால் யாருக்கும் தொடத் தோன்றாது. 2023 டிசம்பர் 30-ல் அட்லாண்டா அவரை பாஸ்டனிடமிருந்து வாங்கியது; கொடுத்தது வான் கிரிசம் ஒருவரை மட்டும். அதற்கு மேல் பாஸ்டனே 1.7 கோடி டாலரும் கொடுத்தது. 2024-ல் சேல் 18 வெற்றி, 3 தோல்வி, ரன் சராசரி 2.38, 225 ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது), மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது.

சாவண்டில் இதற்குத் தடயம் இருந்ததா? இருந்தது. 2023-ல் சேலின் ரன் சராசரி 4.30 என்று சுமாராகத்தான் இருந்தது. ஆனால் 102.2 இன்னிங்ஸில் (புள்ளிக்குப் பின் உள்ளது தசமம் அல்ல, அடுத்த இன்னிங்ஸில் எடுத்த அவுட்டுகள்) 125 பேரை ஸ்டிரைக்அவுட் செய்திருக்கிறார். பந்தின் தரம் கெடவில்லை. காயங்களை உடல் பாகவாரியாகப் பிரித்தால் விலா, விரல், மணிக்கட்டு மூன்றும் எலும்பு முறிவுகள். தசைநாரோ தோள் மூட்டோ கிழிந்தவை அல்ல. எலும்பு கூடிவிடும். மொன்டாஸுக்கும் மாலிக்கும் கேள்விக்குறி தோளிலேயே இருந்தது. காயப் பட்டியலின் நீளத்தை எண்ணுவதைவிட எந்த இடம், அதற்குப் பின் பந்து மாறியிருக்கிறதா என்று கேட்பதுதான் டிரேடு விவாதத்தின் உயிர். இதில் இரண்டாம் பாதிக்கு சாவண்ட் துல்லியமாகப் பதில் தருகிறது. முதல் பாதிக்கு லீகின் தளத்தில் வீரரின் பக்கத்தில் உள்ள பரிமாற்றப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். காயப் பட்டியலில் சேர்த்த தேதியும் காரணமும் அங்கே ஒரு வரியில் இருக்கும். சாவண்டிலேயே இதை இணைத்திருக்கலாம். இணைக்காதது இந்தத் தளத்தின் பெரிய குறை.

விலையும் முக்கியம். தூத்தூர் பக்கத்துக் கால்பந்துப் போட்டிகளுக்கு முழங்கால் சரியில்லாத வெளியூர் ஆட்டக்காரரை இறக்கினால், ஆட்டம் தோற்றாலும் நஷ்டம் அன்றைய பணத்தோடு போயிற்று. பேஸ்பால் டிரேடில் போவது இளம் வீரரின் ஆறு ஆண்டுகள். மேஜர் லீக் சேவையில் ஆறு ஆண்டு நிரம்பும்வரை அவர் அணியின் கட்டுப்பாட்டில்தான் இருப்பார். சேலுக்குக் கொடுத்த விலைக்கு மொன்டாஸை வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

தளத்தால் எட்டவே முடியாத இடம் மருத்துவக் கோப்பு. அணிகள் தங்களுக்குள் மட்டும் பரிமாறிக்கொள்வது அது. அதிலும் ஏமாற்று நடந்திருக்கிறது. 2016 ஜூலையில் சான் டியேகோ அணி டிரூ பொமரான்ஸை பாஸ்டனுக்குக் கொடுத்தது. மருத்துவத் தகவலை முழுமையாகத் தரவில்லை என்ற புகாரின் பேரில், செப்டம்பரில் லீக் சான் டியேகோவின் பொதுமேலாளர் ஏ.ஜே. பிரெல்லருக்கு 30 நாள் தடை விதித்தது. அதே ஜூலையில் அதே அணி மயாமிக்கு அனுப்பிய காலின் ரே, முதல் ஆட்டத்திலேயே 3.1 இன்னிங்ஸில் முழங்கை வலியோடு இறங்கிப்போனார். மயாமி அவரைத் திருப்பி அனுப்பி லூயிஸ் காஸ்டியோவைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கோப்பைக் கையில் வைத்திருந்த அணிகளுக்கே இந்த நிலை. வீட்டிலிருந்து வரைபடம் பார்க்கிற நாம் "உடம்பு நூற்றுக்கு நூறு சரி" என்று எழுதுவது தகாது.

அடுத்து, நடத்தை. இதைப் பேசாமல் ஆபத்தான பிட்சர் விவாதம் முடியாது. சாவண்டின் ஆட்டவாரிப் பட்டியலில் ராபர்ட்டோ ஒசுனாவின் 2018-ஐத் திறந்தால் மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை வெற்றிடம். மொன்டாஸின் தோள் இடைவெளியும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இது குடும்ப வன்முறைக் கொள்கையின் கீழ் லீக் விதித்த 75 ஆட்டத் தடை. தடை முடியும் முன்பே, ஜூலை 30-ல், ஹூஸ்டன் அவரை டொரன்டோ அணியிடமிருந்து கென் கைல்ஸ், டேவிட் பவுலினோ, ஹெக்டர் பெரெஸ் மூவரையும் கொடுத்து வாங்கியது. டொரன்டோவில் இருந்த வழக்கு, ஓராண்டு நன்னடத்தை உறுதிமொழியின் பேரில் செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. பந்து எண்களை மட்டும் பார்த்தால் மலிவான நல்ல டிரேடு. 2019 அக்டோபரில் அமெரிக்கன் லீக் பட்டத்தை வென்ற இரவில், ஹூஸ்டனின் உதவிப் பொதுமேலாளர் பெண் பத்திரிகையாளர்களைப் பார்த்து ஒசுனாவின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டார். அணி முதலில் மறுத்தது, ஒரு வாரத்துக்குள் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பட்டத்துக்கான இறுதித் தொடரான உலகத் தொடரை ஆடிக்கொண்டிருந்த வாரம் அது.

அரால்டிஸ் சாப்மனின் கதை இன்னும் தெளிவு. 2015 டிசம்பரில் டாட்ஜர்ஸோடு பேசி முடித்திருந்த டிரேடு, அவர் மீதான குடும்ப வன்முறைப் புகார் செய்தியானதும் நின்றது. அதே மாதம் யாங்கீஸ் அவரைப் பெரிதாக யாரையும் இழக்காமல் வாங்கியது. அவர் மீது குற்றவழக்குப் பதிவாகவில்லை. 2016 மார்ச்சில் லீக் 30 ஆட்டத் தடை விதித்தது. ஜூலை 25-ல் யாங்கீஸ் அவரைச் சிக்காகோ கப்ஸுக்குக் கொடுத்து கிளேபர் டோரஸ் உட்பட நாலு பேரை வாங்கியது. கப்ஸ் 108 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் வென்றது. டிசம்பரில் யாங்கீஸே சாப்மனை 5 ஆண்டுக்கு 8.6 கோடி டாலரில் திரும்ப எடுத்துக்கொண்டது. போலீசை ஒரு பெண் அழைத்த இரவு, அணிகளின் கணக்குப் புத்தகத்தில் தள்ளுபடியாக மாறியது. இது தவறு என்பதே என் நிலை. தோள் ஆபத்தை விலையில் கழிக்கலாம். அது விளையாட்டின் பகுதி. இன்னொருவர் மீது விழுந்த அடியை விலையில் கழிக்க எந்த அணிக்கும் உரிமை இல்லை. கப்ஸ் ஜெயித்ததே என்று வாதிடுகிறவர்கள், உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் மூன்று ரன் முன்னிலையை எதிரணியின் ராஜய் டேவிஸின் ஹோம் ரன்னோடு கோட்டைவிட்டவரும் அதே சாப்மன்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். இரண்டு ஆட்டங்களுக்கு முன் அவரை 42 பந்து வீசவைத்திருந்தார்கள்.

இந்த வகை டிரேடு பற்றிப் பேசும்போது சாவண்டை மூடிவைத்துவிட்டு லீகின் தண்டனை அறிவிப்பைப் படியுங்கள். குடும்ப வன்முறைக் கொள்கை நடப்பில் இருப்பது 2015 ஆகஸ்டிலிருந்து. வழக்கு இல்லாவிட்டாலும் ஆணையர் தடை விதிக்க அதில் இடமுண்டு. "வழக்கே இல்லையே" என்ற வாதம் அதனால் செல்லாது.

பயன்பாட்டைப் பற்றிச் சில வார்த்தை. செல்போனில் வீரர் பக்கம் திறக்கும், ஆனால் அட்டவணைகளைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஸ்டாட்காஸ்ட் சர்ச்சுக்குக் கணினி இல்லாமல் சரிப்படாது. பெயர் போடாமல் பல ஆண்டுகளைத் தேடினால் பக்கம் தொங்கிவிடும். ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்தில் உள்ள சின்ன ஐகானைத் தட்டினால் அந்தப் பந்தின் வீடியோவும் இலவசமாக வரும். சந்தா கட்டி ஆட்டம் பார்க்க முடியாதவர்களுக்கு இது பெரிய வரம். வேகம் குறைந்த நாளின் கடைசி பத்துப் பந்துகளைப் பாருங்கள். பந்து விட்டதும் கையை உதறுகிறாரா, இரண்டு பந்துக்கு நடுவே பந்து வீசும் மேட்டை விட்டு இறங்கி நிற்கிறாரா என்று தெரியும்.

டிரேடு கெடு முடிவது பெரும்பாலும் கிழக்கு அமெரிக்க நேரம் மாலை 6 மணி. நமக்கு மறுநாள் விடியற்காலை 3.30. வாங்கிய பிட்சரின் முதல் ஆட்டம் கிழக்குக் கரையில் இரவு 7.05-க்கு என்றால் இங்கே காலை 4.35, மேற்குக் கரையில் 7.10-க்கு என்றால் 7.40. அந்த நேரத்தில் சாவண்டின் கேம்ஃபீட் பக்கத்தைத் திறந்துவையுங்கள். பந்து வகைவாரியாக அன்றைய வேகமும், இந்தப் பருவச் சராசரியிலிருந்து எவ்வளவு கூடக்குறைய என்பதும் ஆட்டம் நடக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும். முதல் இன்னிங்ஸில் சரியாக இருந்து நாலாவதில் இரண்டு மைல் இறங்கினால், அணி அறிக்கை விடும்வரை காத்திருக்கத் தேவையில்லை.